படம் வந்தாச்சு, நாவல் எங்கே?

கேஜிஎஃப் படத்தின் கதை ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. ராக்கி பாயின் சுத்தியலும் துப்பாக்கியும் நினைவில் இருக்கிற அளவுக்கு அந்தப் புத்தகம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஆனந்த் இங்களகி என்றொரு பத்திரிகையாளர் 'எல் டொராடோ' என்று ஒரு நூல் எழுதுகிறார். அரசாங்கம் அதைத் தடை செய்து பிரதிகளை அழித்துவிடுகிறது. தப்பித்த ஒரு பிரதி ஒரு டிவி சேனலின் கைக்குக் கிடைக்க, வயதாகிவிட்ட அந்த எழுத்தாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேட்டி எடுக்கிறார்கள். அனந்த் நாக் சொல்லச் சொல்லத்தான் நாம் படத்தைப் பார்க்கிறோம். இரண்டாம் பாகத்தில் அவருடைய மகனாகப் பிரகாஷ் ராஜ் வந்து மிச்சக் கதையைச் சொல்கிறார்.

அப்படி ஒரு புத்தகம் கிடையாது. படத்துக்காக உண்டாக்கியது. ஆனாலும் இயக்குநர் பிரசாந்த் நீலுக்கு எங்கள் கோலார் தங்கவயலைப் பற்றிய கதை ஒரு புத்தகத்துக்குள் இருந்துதான் வர வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்த ஊர் இதுதான், பல வருடமாக நானும் அப்படி ஒரு புத்தகத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பொன்னியின் செல்வன் மாதிரி பேரைச் சொன்னதும் எல்லாருக்கும் தெரிகிற, பழைய டிரங்குப் பெட்டியில் பைண்டு பண்ணி வைத்திருக்கிற, ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் கதையை எடுத்துச் சொல்கிற ஒரு நாவல் தங்கவயலுக்கு இன்னும் வாய்க்கவில்லை. படங்கள் மட்டும் வந்துவிட்டன. 2018 டிசம்பரில் கேஜிஎஃப் முதல் பாகம், 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம், 2024 ஆகஸ்ட் 15 அன்று பா. ரஞ்சித்தின் தங்கலான்.

இந்தப் பதிவு அந்தப் படங்களைப் பற்றியும், சமீப காலத்தில் நாவலிலிருந்தும் சிறுகதையிலிருந்தும் எடுத்த படங்களைப் பற்றியும். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிறவர்களுக்குப் படிக்கவும் பார்க்கவும் நேரம் நிறைய. சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரின் பாதி வாழ்க்கை அந்த ரயிலில்தான் நடக்கிறது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு படம் நாவலிலிருந்து எடுத்தது என்று தெரிந்தால் முதலில் நாவலைத் தேடிப் படித்துவிட்டுத்தான் படத்துக்குப் போவேன். 'கதை முன்னாடியே தெரிஞ்சா படத்துல என்ன இருக்கு' என்பார்கள். எனக்கு நேர்மாறு. கதை தெரிந்த பிறகுதான் இயக்குநர் எதை எடுத்தார், எதை விட்டார், எதற்குப் பயந்தார் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

அசுரனை எடுத்துக்கொள்ளுங்கள். பூமணியின் வெக்கை 1982இல் வந்தது. சிதம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிற இடத்தில் நாவல் தொடங்கும். பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தச் சில நாட்களில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், எந்த மரத்தடியில் படுத்தார்கள், சோறு எப்படிப் பொங்கினார்கள் என்று பூமணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். கொலை செய்துவிட்டு வந்த பையன் பழம் பறிப்பான், குளிப்பான், அய்யாவோடு பழைய கதை பேசுவான். படிக்கப் படிக்க அந்தப் பையன் நம் வீட்டுப் பையனாகிவிடுவான். 2019இல் வெற்றிமாறன் எடுத்த படம் அந்தப் பையனிடமிருந்து கதையை அப்பனுக்கு மாற்றியது. தனுஷின் சிவசாமிக்கு ஒரு முன்கதை, அதில் பஞ்சமி நிலம், குடிசையோடு எரிக்கப்பட்ட ஜனங்கள். கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டவர்களை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. வெக்கையில் இதெல்லாம் கிடையாது. பூமணியின் நாவலை அப்படியே எடுத்திருந்தால் இன்னும் நல்ல படமாக இருந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெற்றிமாறன் சேர்த்ததெல்லாம் நிற்கிறது என்றால், அதற்கு அடியில் வெக்கை இருக்கிறது. அந்தக் காடு, அந்த மௌனம், அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கூச்சம், மூன்றும் நாவலிலிருந்து வந்தவை. அவை இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது சண்டைப் படம்.

விசாரணையும் அப்படித்தான். கோவை ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார் தான் குண்டூரில் போலீஸிடம் பட்ட அடியை 'லாக்கப்' என்று எழுதினார். படத்தின் முன்பாதி அந்தப் புத்தகம், பின்பாதி வெற்றிமாறன் சேர்த்தது. முன்பாதியின் அடி பார்க்கிறவர் உடம்பிலும் விழுகிற மாதிரி இருப்பதற்குக் காரணம், அதை எழுதியவர் அடிபட்ட ஆள். விடுதலையில் ஜெயமோகனின் 'துணைவன்' என்கிற ஒரு சிறுகதையை இரண்டு பாகமாக இழுத்தார்கள். முதல் பாகம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாவது பாகத்தில் எல்லாரும் நிறையப் பேசிவிட்டார்கள் என்று பட்டது. சிறுகதை தாங்குகிற எடை ஒன்று இருக்கிறது.

பொன்னியின் செல்வனைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. 1950இல் கல்கி பத்திரிகையில் தொடராகத் தொடங்கிய நாவல். எம்.ஜி.ஆர். 1950களிலேயே எடுக்க ஆசைப்பட்டது. கடைசியில் மணிரத்னம் 2022லும் 2023லுமாக இரண்டு பாகத்தில் முடித்தார். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் போனால் கோலார் டவுன். அங்கே கோலாரம்மா கோயிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. ராஜராஜனும் ராஜேந்திரனும் ஆண்ட மண் இது. அந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து படத்தைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

என் கருத்து இதுதான். மணிரத்னம் படத்தில் அரசியல் நன்றாக வந்தது, ஊர்சுற்றல் போய்விட்டது. நாவலில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவான். அந்த ஏரிக்கரையில் ஜனங்கள் கட்டுச்சோறு தின்றுகொண்டிருப்பார்கள். கல்கி அவசரப்படவே மாட்டார். நமக்கு முதலில் ஊரைக் காட்டுவார், பிறகுதான் சதியைக் காட்டுவார். ஊர் மேல் ஆசை வந்த பிறகு சதி நடந்தால்தானே நமக்குப் பதறும்? படம் போர்க்களத்தையும் கடம்பூர் மாளிகையையும் முன்னே வைத்து ஓடுகிறது. மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதன் வந்து போகிறான், ஆனால் அவனுக்காகக் கல்கி ஐந்து பாகம் காத்திருந்து அவிழ்த்த முடிச்சு இல்லை. என் அத்தை அந்த முடிச்சுக்காகவே தியேட்டருக்கு வந்தவர். வீட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் விக்ரமின் ஆதித்த கரிகாலனும் ஐஸ்வர்யா ராயின் நந்தினியும் சந்திக்கிற காட்சிகள் நான் நாவலைப் படித்தபோது கற்பனை செய்ததைவிடப் பெரியவை. கல்கி அந்த இருவரின் காதலைத் தள்ளி வைத்தே பேசுவார், மணிரத்னம் கிட்டே போய்ப் பார்த்தார். அந்தத் துணிச்சலுக்காக அவர் விட்டதை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன். அத்தை மன்னிக்கவில்லை.

ஆடுஜீவிதமும் 2024இல் வந்தது. பென்யாமினின் நாவலில் நஜீப் ஆடுகளுக்கு ஊர் ஜனங்களின் பெயரை வைத்துக் கூப்பிடுவான். பாலைவனத்தில் தனியாகக் கிடப்பவன் தன் ஊரையே ஆட்டுக்கிடையில் கட்டிக்கொள்வான். பிளெஸ்ஸியின் படத்தில் பிருத்விராஜின் உடம்பு எலும்பாகிப் போவதைப் பார்த்து அழுதேன், மணல் அத்தனை அழகாக இருந்தது, ஆனால் அந்த ஆடுகளோடு பேசுகிற நஜீப்பைக் காணோம். உடம்பு படுகிற பாட்டைக் கேமரா சுலபமாகப் பிடித்துவிடுகிறது. தனியாக இருக்கிறவன் தனக்குத்தானே பேசிக்கொள்வதை அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

கேஜிஎஃப் படத்தில் தங்கம் கண்டுபிடிக்கப்படுவது 1951இல், ராக்கி பிறக்கிற அன்று. சூரியவர்தன் என்பவன் சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்று பொய் சொல்லி நாராச்சியை 99 வருடக் குத்தகைக்கு எடுத்து, ஜனங்களைக் கொண்டுவந்து அடிமையாக அடைத்துவைத்து வேலை வாங்குகிறான். வெளியே யாருக்கும் தெரியாது. கற்பனைக் கதை என்று சொல்லித்தான் எடுத்தார்கள், எடுக்கட்டும். படத்தின் வேகமும் அம்மா வருகிற காட்சிகளும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் படம் வந்ததிலிருந்து வெளியூரில் யாரிடம் 'கேஜிஎஃப்' என்று சொன்னாலும் நாராச்சியைத்தான் நினைக்கிறார்கள். 'உங்க தாத்தா எல்லாம் அடிமையா இருந்தாங்களா' என்று பெங்களூரில் ஒரு பையன் என்னிடம் உண்மையான அனுதாபத்தோடு கேட்டான். அதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1951இல் இந்தச் சுரங்கங்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1802இல் ஜான் வாரன் என்கிற லெப்டினன்ட் இந்தப் பக்கம் வந்து, மாரிகுப்பம், ஊரிகம் ஜனங்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அந்தக் குறிப்பை எழுபது வருடம் கழித்து மைக்கேல் லாவெல் என்கிற அயர்லாந்துக்காரர், ஓய்வுபெற்ற சிப்பாய், படித்திருக்கிறார். படித்துவிட்டு 1871இல் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்தார். 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880இல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. ஒருவர் எழுதினதை இன்னொருவர் படித்ததால் உண்டான ஊர் இது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு வருவதற்கு முன்னால் எங்களுக்கு கரண்ட் வந்தது.

அடிமைகள் என்கிற பேச்சுக்கு வருவோம். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பித்து வந்தவர்கள்தான் எங்கள் முன்னோர்கள். பெரும்பாலும் தலித்துகள். மேஸ்திரிகள் கூட்டிவந்தார்கள், கடன் இருந்தது, தட்டி வீடுகளில் குடும்பத்தோடு அடைந்து கிடந்தார்கள், தங்கம் திருடுவார்கள் என்று சந்தேகப்பட்டுச் சோதனை போட்டார்கள். கஷ்டத்தில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அவர்கள் யாரும் ஒரு ராக்கி வருவான் என்று காத்திருக்கவில்லை. 1930இல் எல்லாருடைய கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்யப்போகிறோம் என்று கம்பெனி சொன்னது. சங்கம் என்று ஒன்று இல்லாத காலம். ஆயிரக்கணக்கான பேர் வேலையை நிறுத்தினார்கள், மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்கவில்லை. ஜானகி நாயரின் ஆராய்ச்சி நூலில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு 1940களில் கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கங்கள், போலீஸ் துப்பாக்கிச்சூடு. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. படத்தின் நாராச்சி ஜனங்களுக்கு வாயே கிடையாது. உண்மையான ஜனங்கள் வாயை மூடியதே கிடையாது!

பேச்சு மட்டுமில்லை, எழுத்தும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் பெரிய கோட்டைகள். அவருடைய 'தமிழன்' பத்திரிகை நின்றுபோன பிறகு, 1920களில் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து இங்கிருந்து அதை மறுபடி கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை என்று இங்கே ஒரு பதிப்பகம் பண்டிதரின் நூல்களை அச்சடித்தது. சுரங்கத்தில் இறங்கிப் பாறை உடைத்துவிட்டு ஏறி வந்தவர்கள் காசு போட்டுப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். இப்படி ஒரு ஊருக்குக் கதை எழுத ஆள் வேண்டும் என்று கேட்க எனக்கே வலிக்கிறது.

தங்கலான் இந்த வலியைத் தெரிந்துகொண்டு எடுத்த படம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைக்கதையில் ரஞ்சித்தோடு 'பேட்டை' எழுதிய தமிழ்ப்பிரபா இருக்கிறார். வசனம் அழகிய பெரியவன். அவர் பேரணாம்பட்டுக்காரர். பேரணாம்பட்டிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு மலைதான் நடுவில். படத்தில் வேப்பூர் ஜனங்கள் பேசுகிற பேச்சு சில இடங்களில் என் பாட்டியின் பேச்சு. நிலத்தை வரிபாக்கி என்று பிடுங்கிக்கொண்டபிறகு, தங்கலான் வெள்ளைக்காரன் பின்னால் போவதற்குச் சம்மதிக்கிற கட்டம் வரைக்கும் படத்தில் ஒரு குறையும் நான் காணவில்லை. பெண்களுக்கு ரவிக்கை வருகிற காட்சியில் தியேட்டரே சந்தோஷப்பட்டது. முதன்முதலாக ரவிக்கை போட்டுக்கொண்டு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதில் நூறு பக்க வரலாறு இருக்கிறது. பார்வதியின் கங்கம்மாளை மறக்கவே முடியாது.

அதற்குப் பிறகு ஆரத்தி வருகிறாள், தங்கத்தைக் காக்கிற சக்தி, பாம்புகள், முற்பிறவி, புத்தர், மன்னர் காலம். ஒவ்வொன்றையும் ரஞ்சித் ஏன் வைத்தார் என்று எனக்குப் புரிகிறது. பௌத்தத்தைச் சொல்ல வேண்டும், நிலம் யாருடையது என்று சொல்ல வேண்டும், எங்கள் ஜனங்கள் தாங்களே தங்களுக்குச் சொல்லிக்கொண்ட தொல்கதையையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் சொல்ல வேண்டிய நெருக்கடி அவருக்கு. வெற்றிமாறனுக்கு அடியில் வெக்கை இருந்தது. மணிரத்னத்துக்கு அடியில் ஐந்து பாகம் இருந்தது, அதுவும் எழுபது வருடமாக எல்லார் வீட்டிலும் படித்து முடித்த ஐந்து பாகம். எதை விட்டாலும் பார்க்கிறவர்கள் தங்கள் மனசிலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். ரஞ்சித்துக்கு அடியில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு நாவல் இருபது வருடத்துக்கு முன்னாலேயே வந்து ஊரையும் வேலையையும் சொல்லி முடித்திருந்தால், அவர் ஆரத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் கதையை ஆழமாகச் சொல்லியிருக்கலாம். நாவலும் வரலாறும் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து ஒரே படத்தின் தலையில் ஏற்றிவிட்டோம்.

எங்கள் பெரியப்பா அண்டர்கிரவுண்டில் டிம்பர் வேலை பார்த்தவர். தோண்டிய இடம் இடிந்துவிடாமல் மரம் அடுக்கி முட்டுக் கொடுக்கிற வேலை. இந்தப் படங்களை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்டது: "ஒருத்தன்கூட வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கலையேப்பா?" ஷிப்ட் முடிந்து கேஜில் ஏறி மேலே வருகிறவனுக்கு முதல் வெளிச்சம் கண்ணில் குத்துமாம். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதாம். தன்னைக் கூப்பிட வந்திருக்கிற மகளின் முகம்கூட. நான் வளர்ந்த வீட்டிலேயே இருந்த விஷயம், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இதைப் போல அவரிடம் எத்தனையோ இருக்கும். பாறை வெடிப்பதற்கு முன்னால் டிம்பர் போடுகிற சத்தம். மேலே ஷாஃப்டில் கூட்டம் கூடி, யார் பேர் சொல்வார்கள் என்று நிற்பது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும், குளிர்ந்த காற்றை இறக்கினால்தான் மனிதன் நிற்க முடியும். இந்த விவரங்களை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் அறையில் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. ஒரு நாவலாசிரியர் ஐந்து வருடம் இந்த ஊரில் சுற்றினால் எழுத முடியும்.

வேலையைச் சொல்வதில் எனக்குப் பிடித்த தமிழ்ப் படம் முள்ளும் மலரும். உமாசந்திரன் நாவல், கல்கி வெள்ளி விழாப் போட்டியில் பரிசு வாங்கியது. 1978இல் மகேந்திரன் அதை எடுத்தபோது நிறைய மாற்றினார். நாவலில் காளியின் கை புலியால் போகும், படத்தில் லாரியால். ஆனால் காளி ஓட்டுகிற அந்த விஞ்சை விடவில்லை. ரஜினி அந்த விஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிற நிற்பில் அவன் திமிர் முழுக்கத் தெரியும். அது அவன் மெஷின், அவன் ராஜ்ஜியம். எங்கள் ஊரில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர்கள் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான பேரின் உயிர் ஒரு கம்பிக்கயிற்றில் தொங்க, மேலே உட்கார்ந்து மணிச் சத்தத்தை வைத்துக் கேஜை இறக்கி ஏற்றியவர்கள். தெருவில் அவர்கள் நடந்துபோகிற நடையே வேறு என்பார்கள். காளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.

நாவல் இருந்தும் கெடுத்த உதாரணம் சொல்லச் சொன்னால், எனக்குப் பரதேசி. பி.எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர், தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 2013இல் பாலா எடுத்தார். முன்பாதி கிராமம், அந்த நீண்ட நடை, எல்லாம் அபாரம். ஆனால் தோட்டத்துக்கு வருகிற கிறிஸ்தவ டாக்டரை ஆட்டமும் பாட்டுமாக மதம் மாற்றுகிற கோமாளியாக்கிவிட்டார். அந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவரே ஒரு கிறிஸ்தவ டாக்டர்! டேனியலின் புத்தகத்தைப் படித்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் கோபம் வரும், எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. படம் தவறு செய்தால் 'இல்லப்பா, புத்தகத்தைப் படி' என்று சொல்ல ஒரு புத்தகம் கையில் இருக்கிறது. நாராச்சியைப் பற்றிக் கேட்ட அந்தப் பையனிடம் நான் எதை எடுத்துக் கொடுப்பது?

கன்னடத்தில் இது புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாகரஹாவு, சரபஞ்சர எல்லாம் நாவல்கள். ராஜ்குமாரின் பங்காரத மனுஷ்ய, டி.கே. ராமராவ் நாவல். 1972இல் வந்து பெங்களூரில் இரண்டு வருடம் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு விவசாயத்துக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். இப்போதும் 2023இல் பூர்ணசந்திர தேஜஸ்வியின் கதையிலிருந்து டேர்டெவில் முஸ்தபா என்று ஒரு அருமையான சின்னப் படம் வந்தது. கேஜிஎஃப் பார்த்தவர்கள் அதையும் பாருங்கள், மனசு நிறையும்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. ஜான் டெய்லர் காலத்தில் எங்கள் சுரங்கங்களில் மேற்பார்வை பார்க்க இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அங்கே தகரமும் தாமிரமும் தோண்டிப் பழகியவர்கள். அந்தக் கார்ன்வால் சுரங்கங்களைப் பற்றி வின்ஸ்டன் கிரஹாம் 1945இல் 'போல்டார்க்' வரிசையைத் தொடங்கி மொத்தம் 12 நாவல்கள் எழுதினார். பிபிசி அதை 1975இல் ஒரு முறையும் 2015இல் இன்னொரு முறையும் தொடராக எடுத்தது. வேல்ஸ் நிலக்கரிக்கு ரிச்சர்ட் லெவலின் நாவல், ஜான் ஃபோர்டு படம். பிரான்சுக்கு ஜோலாவின் ஜெர்மினல். ஜோலா 1884இல் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதினார், 1993இல் கிளாட் பெர்ரி படமாக்கினார். அதே கார்ன்வால் கேப்டன்களின் கீழே, அவர்களைவிட ஆழத்தில் இறங்கி வேலை செய்த ஜனங்களுக்கு மட்டும் அப்படி ஒரு நாவல் இன்னும் வரவில்லை.

எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். 1965இல் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் விஞ்ஞானிகள் கருவி வைத்து, அண்டவெளிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கிற நியூட்ரினோவைப் பிடித்தார்கள். உலகத்திலேயே முதன்முதலில் அதைப் பிடித்தவர்களில் அவர்களும் உண்டு. அந்தக் கருவிகளை இறக்குவதற்கு அதே கேஜ்தான், அதே வைண்டிங் டிரைவர்தான். மேலே கிளப்பில் வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் ஆடிய நடனம் ஒரு பக்கம், தொழிலாளர்களின் லைன் வீட்டில் பௌத்த சங்கக் கூட்டம் ஒரு பக்கம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அன்றைக்குக் கடைசி ஷிப்ட் ஏறி வந்தவர்களின் முகங்கள் இருக்கின்றன. சினிமாக்காரர்கள் செட் போடுகிற அந்தச் சைனைடு மேடு இருக்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்துக் கொட்டிய மண், காற்றடித்தால் நம் வீட்டுப் பாத்திரத்தில் வந்து படிகிற மண். கேமராவில் அழகாகத்தான் தெரிகிறது. அந்த மேட்டின் ஒவ்வொரு பிடியும் ஒருவர் உடைத்தது.

எழுத்தாளர்களே, நாவல் யோசனையில் இருப்பவர்களே, ஒருமுறை வாருங்கள். பங்காரப்பேட்டை வந்துவிட்டால் மாரிகுப்பத்துக்கு ரயில் இருக்கிறது. ரெகார்டர் கொண்டுவாருங்கள், நல்ல காதும் பொறுமையும் கொண்டுவாருங்கள். வைண்டிங் ஓட்டியவர்கள், டிரில் பிடித்தவர்கள், டிம்பர் அடுக்கியவர்கள் எல்லாருக்கும் வயதாகிவிட்டது. சிலருக்கு மூச்சு வாங்கும், நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். காலையில் பேசுவதற்கு அவ்வளவு தோது இல்லை, சாயங்காலம் வாருங்கள். பெரியப்பாவிடம் நான் சொல்லி வைக்கிறேன்.